உப்பு பார்த்த நாள்

என் கணவன் அம்ப்ருஷும் அவன் தம்பி வெண்டெலும் எட்டு வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. நிலத் தகராறா, பெண் தகராறா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். காரணம் சீமைச்சீரகம். கோல்பாஸில் அதைப் போடுவதா வேண்டாமா என்று, மீசை நரைத்த இரண்டு ஆண்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் பேகேஷ் பக்கத்தில் தை மாதக் குளிரில் பன்றி அறுப்போம். இறைச்சியைக் கொத்தி, பூண்டு, மிளகாய்ப்பொடி, உப்பு, சீரகம் எல்லாம் சேர்த்து மரத்தொட்டியில் பிசைந்து, குடலில் அடைத்துப் புகைக்கூண்டில் தொங்கவிட்டால் கோல்பாஸ். சீரகம் போடாததை எங்கள் ஊரில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். வெண்டெலும் அதைத் தின்று வளர்ந்தவன்தான். டான்யூபுக்கு அந்தப் பக்கம், ஸாலாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே செரேனாவைக் கட்டிக்கொண்டான்; அவன் நாக்கும் அங்கேயே குடியேறிவிட்டது. சீரகம் பல்லில் மாட்டுகிறதாம், சோப்பு வாசனை அடிக்கிறதாம். என் மாமனார் இறந்த வருஷத்து அறுப்பில், "என் பங்குல மட்டும் போடாத" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். சரி, சரி என்று தலையாட்டிய என் கணவன் கடைசியில் எல்லாத் தொட்டியிலும் சீரகத்தைக் கொட்டிப் பிசைந்துவிட்டான். "நம்ம அப்பா தின்னது உனக்கு ஆகாதா?" என்று வேறு கேட்டான். வெண்டெல் தன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்துப் பனியில் கவிழ்த்தான். தெரு நாய்களுக்கு அன்றைக்குக் கிறிஸ்துமஸ். "நீ இந்த வீட்டுப் பிள்ளையே இல்ல" என்றான் இவன். "இல்லாமலே போறேன்" என்று காரில் ஏறினான் அவன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதையாக இருந்திருக்கும். ஆனால் இந்த இலையுதிர் காலத்தில் மருத்துவர் என்னையும் அம்ப்ருஷையும் உட்கார வைத்து, அவனுடைய இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன என்றார். ஈஸ்டருக்குள் டயாலிசிஸ் தொடங்க வேண்டும், இவன் இதயம் இருக்கிற இருப்பில் அதை ரொம்பக் காலம் தாங்காது, யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால்தான் பிழைப்பு என்றார். என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். என் ரத்தம் சேரவில்லை. பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். அம்ப்ருஷ் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இல்ல" என்றான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சண்டை.

"தம்பிய இல்லேன்னு சொல்லிட்டியே, நாக்கு அழுகாதா?"

"என் மூஞ்சிக்கு நேரா தொட்டியக் கவுத்தவன்கிட்ட கிட்னி கேக்கச் சொல்றியா எதெல்கா? அதுக்குச் செத்துடலாம்."

"சாகறது நீ. அப்புறம் தனியா உக்காந்து சூப்புக் குடிக்கறது நானு. அத யாரு கேக்கறது?"

"அவன்கிட்ட நீ மூச்சு விட்டேன்னா, அன்னியோட உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல. சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவன். அதற்கு எட்டு வருஷச் சாட்சி இருக்கிறது. ஊரிலும் யாருக்கும் அவன் நோய் தெரியாது. போன குளிர்காலத்திலிருந்தே அவன் வாயில் உப்பு படக் கூடாது, மிளகாய் கூடாது, பழச்சாராயம், எங்கள் பாலிங்கா, ஒரு சொட்டுக் கூடாது. இதை வெளியே சொன்னால் ஆம்பிளை என்று மதிக்க மாட்டார்களாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்கிறது போலத் தன்னையும் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று பயம் அவனுக்கு.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நான் இரண்டு சொன்னேன். உன் அண்ணன்தான் உன்னை அறுப்புக்கு அழைக்கச் சொன்னான், வாய்விட்டுக் கூப்பிட வெட்கப்படுகிறான் என்று வெண்டெலுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  தொண்டையைச் செருமிக்கொண்டு, "வரேன் அண்ணி" என்றான். உன் தம்பி அறுப்புக்கு வரட்டுமா என்று கேட்டுப் போன் செய்தான் என்று அம்ப்ருஷிடம் சொன்னேன். அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டே, "வரட்டும். காலு இருக்கறவன் வர்றான்" என்றான். பிறகு துடைத்த பூட்ஸையே மறுபடி எடுத்துத் துடைத்தான்.

வந்தபின் எப்படியாவது கேட்டுவிடுவது என்பதுதான் என் திட்டம். எப்படி என்று எனக்கே தெரியாது. முதலில் இருவரும் ஒரு பொழுதாவது சண்டையில்லாமல் ஒன்றாக வேலை செய்யட்டும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். சண்டைக்கு இடமே கொடுக்கக் கூடாது என்று இரண்டு தொட்டியைச் சுரண்டிக் கழுவி வைத்தேன். ஒன்று சீரகத்தோடு, ஒன்று இல்லாமல்.

விடியும்போது அவர்கள் கார் வந்தது. மூக்குக்குள் முடி உறைகிற குளிர். கசாப்புக்காரர் கெல்லெர்ட் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். வெண்டெல் இறங்கினான், முன்பைவிடப் பருத்திருந்தான், நடை மட்டும் அச்சு அசல் என் மாமனார். செரேனா என்னைக் கட்டிக்கொண்டாள். அண்ணனும் தம்பியும் கை குலுக்கினார்கள், கையை விடவும் இல்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை.

"கூப்பிட்டியாமே. வந்துட்டேன்" என்றான் வெண்டெல்.

அம்ப்ருஷின் புருவம் ஏறியது. "நீதான் வரேன்னு..."

"பாலிங்கா, பாலிங்கா! ஆறிடப் போவுது!" என்று நான் தட்டோடு நடுவில் புகுந்தேன்.

"பாலிங்கா ஆறுமா?" என்று கெல்லெர்ட் சிரித்தார். "தங்கச்சிக்கு விடியறதுக்குள்ளயே ஏறிடுச்சு."

நல்லவேளை, சிரிப்பில் அது மூழ்கிப்போனது. ஆனால் என் வாயாலேயே அடுத்த வம்பை வரவழைத்திருந்தேன். கத்தி எடுக்கும் முன் எல்லாரும் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். எதிரில் இருப்பவன் கண்ணைப் பார்த்துக் குடிக்க வேண்டும். குடிக்காதவன் அந்த ஆளுக்குக் கெடுதல் நினைக்கிறான் என்று அர்த்தம். அம்ப்ருஷ் கோப்பையை உயர்த்தினான், தம்பியைப் பார்த்தான், உதடு வரை கொண்டுபோனான், வைக்கோல் எடுக்கிறவன் போலத் திரும்பிக் குனிந்தான். நிமிர்ந்தபோது கோப்பை காலி. வைக்கோல்மீது ஈரம் பளபளத்தது. நான் பார்த்தேன். வெண்டெலும் பார்த்தான்.

அவன் தன் கோப்பையைச் சன்னலோரம் வைத்தான், கொஞ்சம் சத்தமாகவே வைத்தான்.

பன்றியைச் சாய்த்து, வைக்கோல் போட்டு ரோமம் பொசுக்கிக் கழுவி முடித்தபோது வெயில் வந்திருந்தது. அப்போது காதை அறுத்து உப்புத் தூவித் தின்பது எங்கள் வழக்கம்; பொசுங்கிய தோல் பல்லில் நறுக் நறுக்கென்று உடையும். இளையவன் அறுத்து மூத்தவனுக்குக் கொடுப்பான். வெண்டெல் கத்தியை வாங்கி, ஒரு காதை அறுத்து, உப்பில் புரட்டி, பெரிய பாதியை அண்ணனிடம் நீட்டினான்.  

அம்ப்ருஷ் வாங்கி வாயில் போட்டான். போட்டுத்தானே ஆக வேண்டும்? இரண்டு மெல்லு மென்றான். முகம் கோணியது. கொட்டகைப் பக்கம் நடந்தான். அங்கே அவன் முதுகு குனிவதும், எதையோ துப்புவதும், பனியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வதும் முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

நான் குடல் கழுவிக்கொண்டிருந்த சமையலறைக்குள் வெண்டெல் வந்தான். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, இவன் எதுக்கு என்னக் கூப்பிட்டான்?"

"ஏன் வெண்டெல்?"

"என் முன்னாடி குடிக்க மாட்டேங்கறான். என் கையால குடுத்தத துப்பறான். இதச் செய்யத்தான் அத்தன தூரத்துலேர்ந்து வரச் சொன்னானா? ராத்திரியெல்லாம் தூங்கல அண்ணி நானு. அவன் கூப்பிட்டானே, அவனே கூப்பிட்டானேன்னு பச்சப் புள்ள மாதிரி செரேனாகிட்ட புலம்பிட்டு வந்தேன்."

 சொல்லிவிடலாம். இப்போதே, இந்த நாற்றமெடுத்த கையோடு அவன் சட்டையைப் பிடித்துச் சொல்லிவிடலாம். வாயைத் திறந்தேன். வாசலில் அம்ப்ருஷ் நின்றுகொண்டிருந்தான். தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். பல் வலி வந்தவன் போலத் தாடை இறுகியிருந்தது.

"குடல் ரெடியா?" என்றான்.

"ரெடி" என்றேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இறைச்சியைக் கொத்தி இரண்டு தொட்டியிலும் பிரித்தார்கள். பூண்டு இடித்தது செரேனா. தன் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் மருவு இலை கொண்டு வந்திருந்தாள். "எங்க தொட்டியில கொஞ்சம் போட்டுக்கறேன் அக்கா, யாரும் கோச்சுக்க மாட்டாங்கல்ல?" என்று என் காதில் கேட்டாள். "மல்லிகைப் பூவே வேணும்னாலும் போட்டுக்கோ" என்றேன். இன்னொரு தொட்டியில் சீரகம் விழுந்தது. அம்ப்ருஷ் தம்பியின் தொட்டிப் பக்கம் சீரக டப்பாவைக் கொண்டுகூடப் போகவில்லை. வெண்டெல் அதைக் கவனித்தான். தோள் கொஞ்சம் இறங்கியது. அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன். அவசரப்பட்டுவிட்டேன்.

உப்பு மட்டும் வீட்டுக்கு மூத்தவன் போடுவது. எந்தத் தொட்டியானாலும் அவன் கைதான். அம்ப்ருஷ் உப்புப் போட்டால் அளவுகோல் வேண்டாம் என்று தெருவே சொல்லும். பக்கத்து வீட்டு அறுப்புக்கும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். அன்றைக்கும் கை நிறைய அள்ளித் தூவிப் பிசைந்தான். வழக்கம்போல நடுவில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தான். புருவம் சுருங்கியது. இன்னும் அள்ள வேண்டிய கை உப்புப் பானைமேலேயே நின்றது. "போதும்" என்றான். அடுத்த தொட்டியிலும் அப்படியே. இடுப்பு வலியில் நிறுத்துகிறான் என்றுதான் நான் நினைத்தேன்.

குடலில் அடைக்கும் முன் ஒரு பிடி எடுத்துத் தட்டிக் கொழுப்பில் பொரித்து எல்லாரும் ருசி பார்ப்பது முறை. முதலில் வெண்டெலின் தொட்டி. பொரித்து எடுத்து ரொட்டித் துண்டில் வைத்தேன். கெல்லெர்ட் ஊதி ஊதித் தின்றார். மென்றார். அம்ப்ருஷைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மீசையைத் துடைத்துக்கொண்டார்.

வெண்டெல் கடித்தான். மென்றவன் நிறுத்தினான்.

"இதுல உப்பே இல்ல."

"இருக்கு" என்றான் அம்ப்ருஷ். "கரிக்கவே கரிக்குது."

"என்னது?"

"கையி கொஞ்சம் கூடிப்போச்சு. கரிக்குது."

 வெண்டெல் ரொட்டித் துண்டை மேசையில் வைத்தான். அவன் கழுத்து கீழிருந்து மேலாகச் சிவந்துகொண்டே வந்தது.

"இத அடச்சுத் தொங்கவிட்டா மார்ச்சுக்குள்ள அழுகிப்போவும். அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? ஸாலாவுக்குக் கொண்டுபோயி நாத்தம் புடிச்சு நாங்க குப்பையில கொட்டணும், அப்பத்தான் உன் மனசு ஆறும். எட்டு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டு வச்சுப் பழி வாங்கறியாடா?"

"வாய அடக்குடா. நான் பாத்துப் போட்ட உப்பு அது."

"அப்பக் கரிக்குதுன்னு சொல்லி என்னக் கிறுக்கனாக்கறியா?"

அவன் இரண்டு கையாலும் தொட்டியின் விளிம்பைப் பிடித்தான். தூக்கினான். எட்டு வருஷத்துக்கு முன் எப்படிப் பிடித்தானோ அதே பிடி. "வெண்டெல், வேணாம்!" என்று செரேனா கத்தினாள். நான் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன். என் மனதில் இறைச்சி இல்லை. அந்தத் தொட்டி கவிழ்ந்தால் என் புருஷன் போனான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்தத் தொட்டியயும் பாருப்பா" என்றார் கெல்லெர்ட். மெதுவாகத்தான் சொன்னார். "கவுக்கறதுக்கு முன்னாடி ஒங்கண்ணன் தொட்டியயும் தின்னு பாத்துட்டுக் கவுத்துடு."

வெண்டெல் தொட்டியை இறக்கினான். சீரகத் தொட்டிக்குள் விரலை விட்டு, பச்சையாகவே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டான். எட்டு வருஷமாகத் தொடாத சீரகம். சீரகத்தைப் பற்றி அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மென்றான், விழுங்கினான், இன்னொரு துண்டு எடுத்தான்.

"இதுலயும் உப்பு இல்ல" என்றான்.

 வீட்டுக்கு ஒரு வருஷத்துச் சாப்பாடு அந்தத் தொட்டி. தம்பியைப் பழி வாங்க எவனும் தன் வருஷத்தையும் சேர்த்து அழுகவிட மாட்டான். வெண்டெல் அண்ணனை முதல்முறையாக நேராகப் பார்த்தான். தொளதொளவென்றிருந்த சட்டைக் காலரையும், மண்ணாங்கட்டி நிறத்தில் இருந்த கன்னத்தையும், வீங்கிய காலுக்கு இடம் விட்டுக் கயிறு கட்டாமல் போட்டிருந்த பூட்ஸையும் பார்த்தான். மேசையிலிருந்த பொரித்த துண்டை எடுத்து நீட்டினான்.

"தின்னு. முழுசா."

அம்ப்ருஷ் வாங்கினான். வீம்பு விடவில்லை. கடித்து மென்றான், கண்ணில் தண்ணீர் கோத்தது. உப்பே இல்லாத இறைச்சி ஒருவனை அழவைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வருஷமாக உப்புப் படாத நாக்கு அது. எங்களுக்கு ஒன்றுமில்லாதது அவனுக்கு நெருப்பாக எரிந்தது.

"உனக்கு என்னடா?" என்றான் வெண்டெல். குரல் மாறியிருந்தது. "அண்ணி, இவனுக்கு என்ன?"

அம்ப்ருஷ் என்னைப் பார்த்தான். சொன்னால் அன்றோடு பேச்சு இல்லை என்றவன் அதே பார்வையைப் பார்த்தான். பேசாமல் போனால் போகட்டும். பேசாத புருஷன் செத்த புருஷனைவிட மேல்.

"கிட்னி" என்றேன். "ரெண்டும் போச்சு. ஈஸ்டருக்குள்ள யாராவது குடுத்தாத்தான். என்னுது சேரல. நீ ஒருத்தன்தான் இருக்க."

அம்ப்ருஷ் கையிலிருந்ததைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு முற்றத்துக்குப் போனான். கதவு சுவரில் அடித்துத் திரும்பியது.

வெண்டெல் அவன் பின்னால் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்தான்.

"அவன் என்னக் கூப்பிடல. இல்ல?"

"இல்ல."

"உடம்புலேர்ந்து ஒரு துண்டு வேணும்னு நீங்க கூப்பிட்டீங்க."

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல? "பொய் சொன்னேன். இன்னொரு தடவ சொல்லணும்னாலும் சொல்வேன். என்னத் திட்டு. அவன விட்டுடாத."

"நான் கிறுக்கன் மாதிரி சந்தோசப்பட்டேன் அண்ணி."

 செரேனா அவன் தோளைத் தொட்டாள். "வா, போயிடலாம். வீட்டுல போயி யோசிக்கலாம். எடுத்துக் குடுத்துட்டு வர்றதுக்கு அது என்ன வெங்காயமா? உனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு." அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பேன். ஆனாலும் அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன், அதுவும் உண்மை.

"அவன் கேக்கட்டும்" என்றான் வெண்டெல். "என்கிட்ட வந்து, வாயத் தொறந்து, அவன் கேக்கட்டும். தூது வேணாம். கேக்கலேன்னா பொழுது சாஞ்சதும் நான் கெளம்பறேன்."

சன்னல் திறந்திருந்தது. முற்றத்தில் நின்றவனுக்கு அது கேட்டிருக்கும். அவன் திரும்பவில்லை.

"கேக்கறது குடுக்கறது எல்லாம் அப்புறம்" என்றார் கெல்லெர்ட். "எறைச்சி சூடேறுது. யாராச்சும் உப்புப் போடுங்க."

மூத்தவன் வெளியே நின்றான். வெண்டெல் எழுந்து, கையைக் கழுவி, உப்பை அள்ளினான். இரண்டு தொட்டிக்கும் அவனே போட்டான், அவனே பார்த்தான். போய் அம்ப்ருஷிடம் கெஞ்சினேன். "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த கேளு." அவன் என்னிடம் பேசவில்லை. சொன்னதைச் செய்தான். ஆனால் அடைக்கும் எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்ற உள்ளே வந்தான். அந்த வேலைக்கு வேறு ஆள் இல்லை. அவன் சுற்ற, எதிரில் நின்று வெண்டெல் குடலைப் பிடித்தான். கோல்பாஸ் சுருள் சுருளாக மேசையில் விழுந்தது. வேகமாகச் சுற்றினால் குடல் வெடிக்கும், மெதுவாகச் சுற்றினால் காற்றுப் புகும்; இருவரும் ஒரு சொல்கூடப் பேசாமல், ஒன்றுகூட வெடிக்காமல், இரண்டு தொட்டியையும் முடித்தார்கள். சன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முறை அம்ப்ருஷ் வாயைத் திறந்தபோதும் என் உயிர் போய் வந்தது. "இறுக்கிப் புடி" என்பான். அல்லது கொட்டாவி விடுவான்.

கெல்லெர்ட் தன் பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார். செரேனா கோட்டை மாட்டிக்கொண்டாள். "சூப்பு குடிச்சுட்டுப் போங்க" என்று அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கி வைத்தேன். அறுப்பு வீட்டிலிருந்து முதுகெலும்புச் சூப்புக் குடிக்காமல் எதிரிகூடப் போக மாட்டான்.

நான்கு பேரும் உட்கார்ந்தோம். பெரிய பானையிலிருந்து மூன்று தட்டு ஊற்றினேன். சின்னப் பானையிலிருந்து, உப்பும் மிளகும் போடாமல் தனியாக வைத்ததை, அம்ப்ருஷுக்கு ஊற்றினேன். இனி யாரிடம் மறைக்க?

வெண்டெல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கையை நீட்டி அண்ணன் தட்டைத் தன் பக்கம் இழுத்தான். ஒரு கரண்டி வாயில் வைத்தான். முகம் அப்படியே கோணிப்போனது.

"இதயா ஒரு வருசமாத் திங்கற?"

அம்ப்ருஷ் தலையாட்டினான்.

"தெனமும்?"

"தெனமும். ஞாயித்துக்கெழமையும்."

வெண்டெல் இன்னொரு கரண்டி எடுத்தான். உப்பு ஜாடி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, தொடவில்லை. கழுவின தண்ணீர் போன்ற அந்தச் சூப்பை, குனிந்த தலை நிமிராமல் அள்ளி அள்ளிக் குடித்தான். நானும் செரேனாவும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டோம். அம்ப்ருஷ் தம்பியின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே முடி கொட்டி வழுக்கை விழுந்திருந்தது. அதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வெண்டெல்" என்றான்.

வெண்டெல் குடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குச் சாகப் பயமா இருக்குடா."

கரண்டி நின்றது.

"டாக்டரு சொன்ன நாள்லேர்ந்து பயம். எதெல்காகிட்டகூடச் சொல்லல. உன்னோடது ஒண்ணக் குடு. குடுத்தா வாங்கிக்கறேன். குடுக்கலேன்னா..." அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டான். மூடிய கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்காத சத்தம்.

செரேனா புருஷனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள், அழுதாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக நான் சாகும்வரை அவளுக்கு நன்றி உள்ளவளாக இருப்பேன்.

வெண்டெல் தட்டில் மிச்சமிருந்ததையும் குடித்து முடித்தான். தட்டைத் தள்ளி வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, தன் சட்டையை இரண்டு பக்கமும் விலாவோடு பிடித்துப் பார்த்துக்கொண்டான்.

"எந்தப் பக்கத்தது வேணும்?" என்று கேட்டான். "இடதா, வலதா?"